ரோட்டரி என்ஜினை வீட்லயே போர்ட் பண்ணலாமா? கிரைண்டர் எடுக்குறதுக்கு முன்னாடி

போன மாசம் ஒரு தம்பி மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரோட ரோட்டரி என்ஜின்ல ரெண்டு ரோட்டாருக்கு நடுவுல வர்ற சென்டர் பிளேட்டைப் பழைய பெட்ஷீட்ல சுத்தித் தூக்கிட்டு எங்க ஷாப்புக்கு வந்தாரு. சிட்னி மேற்குப் பக்கம் ரோட்டரி பைத்தியம் ஜாஸ்தி, இப்படி யாராவது வந்துட்டே இருப்பாங்க. "அண்ணா, வீட்லயே ஸ்ட்ரீட் போர்ட் அடிச்சேன், மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க"ன்னாரு. அதாவது காத்து உள்ள போற ஓட்டையை, இன்டேக் போர்ட்டை, ரோட்ல ஓட்டுற காருக்கு ஏத்த மாதிரி அரைச்சுப் பெருசாக்கியிருந்தாரு. வேலை சுத்தம், பாலிஷ் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஆனா போர்ட்டோட உள் விளிம்பு, ரோட்டார் பக்கவாட்டுல ஆயிலைத் தடுத்து நிறுத்துற ஆயில் ரிங் ஓடுற தடத்துக்குள்ள ஒரு 2 மில்லிமீட்டர் போயிருந்துச்சு. பிளேட் காலி. அதை மாட்டி ஓட்டுனா ரிங் போர்ட்டைத் தாண்டுறப்ப எல்லாம் ஆயில் இன்டேக்ல இறங்கும், கார் கொசு மருந்து வண்டி மாதிரி புகை விட்டுட்டே போகும்.

ஊர்ல ஆர்எக்ஸ் 100 பைக் போர்ட்டிங் பாத்து வளந்தவங்களுக்கு விஷயம் சட்டுனு புரியும். ரோட்டரில பிஸ்டனுக்குப் பதிலா முக்கோண ரோட்டார்தான் சுத்தும், வால்வும் கிடையாது அதைத் திறக்குற கேம்ஷாஃப்ட்டும் கிடையாது, ரோட்டாரோட பக்கவாட்டுதான் இன்டேக் போர்ட்டைத் திறந்து மூடுது, அதனால போர்ட் விளிம்பு எங்க இருக்கோ அதான் டைமிங். வெளி விளிம்பை நகத்துனா சீக்கிரம் திறக்கும், மேல் விளிம்பை உசத்துனா லேட்டா மூடும். சாதா என்ஜின்ல கேம்ஷாஃப்ட் புடிக்கலன்னா கழட்டிட்டு பழசை மாட்டிக்கலாம், அரைச்சுத் தள்ளுன இரும்பை எங்க போய்த் தேடுறது?

உள்பக்கம் ஆயில் ரிங் எல்லைன்னா வெளிப்பக்கம் ரோட்டாரோட பக்கவாட்டு ஓரத்துலயும் மூலைலயும் கேஸ் கசியாம அடைக்குற சைடு சீலும் கார்னர் சீலும். போர்ட் ரொம்ப அகலமாச்சுன்னா சைடு சீல் தாங்கல் இல்லாம உள்ள குழிஞ்சு விளிம்புல தட்டும், ஆயிரக்கணக்கான ஆர்பிஎம்ல எத்தன தட்டு தாங்கும்னு நீங்களே யோசிங்க. அதுக்குத்தான் விளிம்பை லேசா மழுக்கி விடச் சொல்றது, விரல் நகத்தை வச்சு இழுத்தா எங்கயும் மாட்டக் கூடாது. மூணாவது ஆழம். வார்ப்பிரும்புக்குப் பின்னாடியே என்ஜினைக் குளிர வைக்குற தண்ணி ஓடுது, அது வெளியில இருந்து தெரியாது. நான் முத முதல்ல அரைச்ச 13பி (ஆர்எக்ஸ்-7ல வர்ற என்ஜின்) பிளேட்ல "இன்னும் கொஞ்சம்"னு ஆசப்பட்டு பர்ரை, அதாவது கிரைண்டர்ல மாட்டுற அரைக்குற முனையை, உள்ள விட்டேன், சத்தம் திடீர்னு மாறுச்சு, பாத்தா ஊசி முனை அளவுல ஒரு கருப்புப் புள்ளி. அந்தத் தண்ணி ஓடுற வாட்டர் ஜாக்கெட். அந்த பிளேட் இப்ப ஷாப் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிக்குது.

இன்டேக்காவது பழகலாம், புகை வெளிய போற எக்ஸ்ஹாஸ்ட் போர்ட்டை முதல் என்ஜின்ல தொடாதீங்கன்னுதான் சொல்வேன். அது ரோட்டாரைச் சுத்தி இருக்குற ரோட்டார் ஹவுசிங்ல இருக்கு, அலுமினியத்துக்கு உள்பக்கம் இரும்புத் தகடு, அதுமேல குரோம். பர் தப்பான திசையில இழுத்தா குரோம் ஓரத்துல பேந்துடும், அப்புறம் ரோட்டார் முனைல இருக்குற அபெக்ஸ் சீல் அதுலயே உரசிட்டுப் போகும். பிரிட்ஜ் போர்ட் பத்தி கேக்கவே கேக்காதீங்க, அந்த "பிராப் பிராப்" சத்தத்துக்கு ஆசப்பட்டு போர்ட்டுக்குப் பக்கத்துல இன்னொரு ஓட்டை போட்டு நடுவுல மெலிசா ஒரு பாலம் விடணும், அது உடைஞ்சா துண்டு நேரா சேம்பர்க்குள்ள. 1991ல லே மான்ஸ் 24 மணி நேர ரேஸ் ஜெயிச்ச மாஸ்டா 787பி ரேஸ் கார்ல, பிளேட்டுக்குப் பதிலா ஹவுசிங்லயே இன்டேக் ஓட்டை வைக்குற பெரிஃபெரல் போர்ட்தானேம்பாங்க. சரிதான், ஆனா அந்தக் காரு ஆபீஸ் டிராஃபிக்ல நிக்க வேண்டியதில்லையே.

நல்லா ஓடுற என்ஜினை போர்ட்டிங்க்காக மட்டும் பிரிக்காதீங்க. மொதல்ல ரோட்டரிக்குன்னே இருக்குற டெஸ்டர்ல கம்ப்ரஷன் பாருங்க, ஒரு ரோட்டாருக்கு மூணு முகம், மூணுக்கும் தனித்தனியா அளவு வரணும். குறைஞ்சு போய் எப்படியும் ரீபில்டுக்குப் பிரிக்கிறீங்கன்னா அப்ப யோசிக்கலாம். ஆர்எக்ஸ்-8 வச்சிருக்கவங்க ஆர்எக்ஸ்-7 13பிக்கான டெம்ப்ளேட் (போர்ட் வடிவத்தை வரையுற அச்சு) வாங்கிடாதீங்க, அதுல எக்ஸ்ஹாஸ்ட்டே சைடு பிளேட்லதான், கணக்கே வேற.

அரைக்குற கூலி மிச்சம்னு சந்தோஷப்படுறவங்க ட்யூனிங் காசை மறந்துடுறாங்க. போர்ட் மாறுனா ஃபியூவல், இக்னிஷன் ரெண்டும் மாறணும், டர்போ காரா இருந்து கம்ப்யூட்டர்ல இருக்குற ஃபியூவல் மேப் மாத்தாம பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தழுத்தம்) ஏத்துனா ஒரே ஒரு தடவ டெட்டனேஷன், அதாவது ஃபியூவல் கட்டுப்பாடில்லாம வெடிக்கிறது, வந்தாலும் அபெக்ஸ் சீல் ரெண்டு துண்டு. இன்னொண்ணு, அரைச்ச இரும்புத்தூள். வெந்நீர், சோப்பு, பிரஷ் வச்சு ஆயில் ஓட்டை ஒவ்வொண்ணையும் கழுவுங்க, இல்லன்னா அது பேரிங்குக்குத்தான் போகும்.

எல்லை கண்டுபுடிக்க சுலபமான வழி இருக்கு, ஓடுன பிளேட்ல ஆயில் ரிங் தேச்ச தடம் வெறும் கண்ணுக்கே மின்னுற வட்டமா தெரியும், அதை நீல மை தடவிக் கீறி வச்சுட்டு அப்புறம் கிரைண்டரை ஆன் பண்ணுங்க. அந்தத் தம்பிக்கு ஒரு தேஞ்ச பிளேட்டைக் குடுத்து இதுல பழகுங்கன்னு அனுப்புனேன். நேத்து போட்டோ வந்துச்சு. உள் விளிம்பு கோட்டைத் தொடல, மேல் பக்கம் மட்டும் பர் வழுக்கி நீளமா ஒரு கீறல். இன்னொரு பிளேட் இருக்குமா அண்ணான்னு கேட்டிருக்காரு.