உங்கள் பிள்ளை யாருடைய கயிற்றைப் பிடித்தது?

பாறையேற்ற முகாம் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும் பிள்ளையிடம் பெற்றோர் முதலில் கேட்பது, "உச்சி வரைக்கும் ஏறினியா?" என்பதுதான். பதினோரு வருஷமாக இதைக் காதில் வாங்குகிறேன். ஒவ்வொரு முறையும் மனசுக்குச் சங்கடமாக இருக்கும். அந்த ஆறு நாளில் அந்தப் பிள்ளை செய்த பெரிய காரியம், பாறைக்கு அடியில் தரையில் நின்று செய்ததாக இருக்கும். அதை யாரும் கேட்பதே இல்லை.

பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கும் சாவனதுர்காவுக்கும் ராமநகராவுக்கும் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகளைப் பாறை ஏற அழைத்துப்போவது என் வேலை. சாவனதுர்கா, ஒரே கல்லாக எழுந்து நிற்கும் மலை. உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,226 மீட்டர். பல இடங்களில் விரல் நுழைக்கக்கூட ஒரு விரிசல் இருக்காது. ஷூவின் ரப்பர் பாறையில் ஒட்டும் என்று நம்பித்தான் கால் வைக்க வேண்டும். பயந்துபோய்ப் பாறையோடு படுத்துக்கொண்டால் கால் வழுக்கும், நிமிர்ந்து நின்றால் நிற்கும். எத்தனை முறை சொன்னாலும் இது காதால் ஏறாது, காலுக்குத்தான் புரியும். வெயிலில் பாறை சுட ஆரம்பித்தால் ரப்பரின் பிடிப்பும் குறையும். அதனால் விடிந்ததும் தொடங்கி, பத்து மணி வாக்கில் நிறுத்திவிடுவோம்.

ஏறுகிறவர் இடுப்பில் மாட்டியிருக்கும் பட்டையில், அதாவது ஹார்னஸில், கட்டிய கயிறு, மேலே பாறையில் உறுதியாகப் பொருத்திய ஆங்கர் வழியாகத் திரும்பி, கீழே நிற்கும் இன்னொருவரின் கைக்கு வருகிறது. அவர்தான் பிலேயர். மேலே ஒரு அடி ஏற ஏற, கீழே தொய்வை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கயிறு ஓடாமல் தடுத்துப் பிடிக்கும் பிரேக் கை அதை விடவே கூடாது, மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் சரி. புதிதாகப் பிடிக்கும் பிள்ளைக்குப் பின்னால் பயிற்சியாளர் ஒருவர் கயிற்றின் வாலைப் பிடித்தபடி நிற்பார். இருந்தாலும் பதினான்கு வயதில் இன்னொரு உயிர் தன் கையில் இருக்கிறது என்று உணரும்போது பிள்ளையின் முகம் மாறுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

போன ஜனவரியில் ஒரு பெண். குழுவில் வாயே திறக்காதவள். அன்று அவள் பிலேயர். மேலே ஏறியது வகுப்புத் தலைவன். பாதி வழியில் அவன் கால் தையல் மிஷின் மாதிரி அடிக்க ஆரம்பித்தது. கீழே நின்றவர்கள் எல்லாரும், "போடா, போடா, இன்னும் கொஞ்சம்தான்!" என்று கத்தினார்கள். அவள் கண்ணை மேலேயிருந்து எடுக்காமலே, "எல்லாரும் சும்மா இருங்க, அவன் சொல்றது எனக்குக் கேக்கணும்" என்றாள். பிறகு அவனிடம், "கயிறு டைட்டா இருக்கு. பின்னால சாஞ்சு உக்காரு." உட்கார்ந்தான். ஒரு நிமிஷம் விட்டு, "ஏறுறியா, இறக்கவா?" என்று கேட்டாள். "இறக்கு." மெதுவாக, ஒரே சீராக இறக்கினாள். எடை விழுந்து இறுகிப்போன முடிச்சை அவிழ்க்க அவன் விரலுக்குப் பலமில்லை. அவளே அவிழ்த்துவிட்டாள்.

தலைமைப் பண்பு என்று நோட்டீஸில் அச்சடிக்கிறார்களே, அதை நான் பார்த்தது அங்கேதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முகாமில் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே கயிறு. நானும் சேர்ந்து "போ, போ" என்று கத்தி, அழுதுகொண்டிருந்த ஒரு பையனை உச்சிக்கு ஏற்றிவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். மறுநாள் அவன் பாறைப் பக்கமே வரவில்லை. "வேண்டாம்" என்று அவன் சொன்னதை நான் கேட்காமல் விட்டது இன்றும் உறுத்துகிறது.

உலகின் இரண்டாவது உயரமான மலையான கே2வுக்கு 1938ல் போன குழுவில் இருந்தவர் பால் பெட்ஸோல்ட். 1965ல் அமெரிக்காவின் வயோமிங்கில் இளைஞர்களுக்கான மலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பயணத்தில் ஒருவரோடு ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தை, முடிச்சுப் போடுவதற்கு இணையான திறமையாக அவர் கற்பித்தார். அதைப் பழக்கத்தான் எங்கள் முகாமிலும் தினம் ஒரு பிள்ளை தலைவர். தண்ணீர்க் கணக்கு, சமையல் முறை, வழி எல்லாம் அவர் பொறுப்பு. ஒருநாள் ஒன்றரை மணி நேரம் சுமையோடு நடந்து பாறையடிக்குப் போனோம். மேலே மலைத்தேனீக் கூடு தொங்கியது. அன்றைய தலைவனுக்குப் பதினைந்து வயது. நண்பர்கள் முனகினாலும், "திரும்பிடலாம்" என்றான். நான் வாய் திறக்கவே தேவைப்படவில்லை. ராமநகராவில் ராமதேவர பெட்டா என்ற குன்று 2012ல் பாறு கழுகுகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே போனால் கருங்கழுத்துப் பாறுகளைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். ஏறக்கூடாத பாறையும் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன் ஜோடிகள் ஒருவரையொருவர் தொட்டுப் பார்த்துச் சோதிப்பார்கள்: பக்கிள், முடிச்சு, கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கியான கேரபினரின் பூட்டு, ஹெல்மெட். "நேத்தே பாத்தோமே அக்கா" என்று சலித்துக்கொள்பவர்களுக்கு லின் ஹில்லைப் பற்றிச் சொல்வேன். 1989ல், உலகின் முன்னணிப் பாறையேறிகளில் ஒருவராக இருந்தபோது, பிரான்ஸில் முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஷூ மாட்டப் போனார். முடிச்சை மறந்தே போய் ஏறினார். உச்சியில் கயிற்றில் சாய்ந்ததும் இருபது மீட்டருக்கு மேல் விழுந்தார். மரக்கிளைகளில் பட்டு விழுந்ததால் பிழைத்தார். 1993ல் அமெரிக்காவில் எல் கேபிடன் என்ற செங்குத்துப் பாறையின் 'நோஸ்' வழியை, கயிற்றைப் பாதுகாப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கைகாலாலேயே ஏறி முடித்த முதல் ஆளும் அவர்தான். அப்படிப்பட்டவருக்கே ஒரு முடிச்சு விட்டுப்போனது.

பிள்ளையை அனுப்பும் முன் நடத்துகிறவர்களிடம் கேளுங்கள். ஒரு கயிற்றுக்கு எத்தனை பிள்ளைகள்? பயிற்சியாளர்கள் எந்த மலையேற்ற நிறுவனத்தில் படித்தவர்கள்? கயிறு எப்போது வாங்கியது, அதற்கான பதிவேட்டைக் காட்ட முடியுமா? பார்வைக்குப் புதிதாக இருக்கும் கயிறுகூட பேட்டரி ஆசிட் பட்டிருந்தால் உள்ளுக்குள் இற்றுப்போயிருக்கும். அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வண்டியில் கொண்டுபோவார்கள்? வனத்துறை அனுமதி எழுத்தில் இருக்கிறதா? கடைசியாக, பாதியில் "வேண்டாம்" என்று சொல்லும் பிள்ளையை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "எப்படியாவது ஏத்திடுவோம் சார், கவலைப்படாதீங்க" என்று பதில் வந்தால் அந்த முகாமுக்கு அனுப்பாதீர்கள்.