பிபிஎஃப் பணத்தை நடுவில் எடுப்பது: எந்த ஆண்டில், எவ்வளவு?

"பதினைந்து வருஷம் தொடவே முடியாது" என்று பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி என்ற அரசு சேமிப்புத் திட்டம்) பக்கமே போகாதவர்கள் உண்டு. ஓய்வுக்காலத்துக்கு என்று மிச்சம் பிடித்ததையெல்லாம் அதில் போட்டுவிட்டு, முப்பது வயதில் ஒரு பயணத்துக்குக்கூட பெர்சனல் லோன் எடுப்பவர்களும் உண்டு. பொது வருங்கால வைப்பு நிதித் திட்டம் 2019 இந்த இரண்டுக்கும் நடுவே வழி வைத்திருக்கிறது. காரணம் சொல்லாமலே பணம் எடுக்கலாம். ஆனால் பாஸ்புக்கில் இருப்பதில் பாதி கிடைக்கும் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான்.

முதலில் ஆண்டுக் கணக்கு. 15 ஆண்டு என்பது கணக்கு தொடங்கிய தேதியிலிருந்து ஓடுவதில்லை. தொடங்கிய நிதியாண்டு முடிந்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். 2026 மார்ச் 30 அன்று தொடங்கினால் 2041 மார்ச் 31-இல் முதிர்வு. அதையே ஏப்ரல் 2 அன்று தொடங்கினால் 2042. மூன்று நாள் தாமதத்துக்கு ஒரு வருஷம் போகிறது. எவ்வளவு போட்டீர்கள் என்பது இந்த ஓட்டத்தைப் பாதிக்காது. 500 ரூபாய் போட்டாலும் ஆண்டு ஓடும். சம்பளம் குறைவாக இருக்கும் வயதில் வருஷம் 500 மட்டும் போட்டுக் கணக்கை உயிரோடு வைத்திருந்து, வருமானம் கூடியதும் தொகையைக் கூட்டுவதே எங்கள் பார்வையில் சரியான வழி. உச்சவரம்பு நிதியாண்டுக்கு 1.5 லட்சம்.

இனி நடுவில் எடுப்பது. தொடங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும். அதாவது ஏழாவது நிதியாண்டிலிருந்து, ஆண்டுக்கு ஒருமுறை. படிவம் 2 கொடுத்தால் போதும். தொகை இப்படி: எடுக்கும் ஆண்டுக்கு முந்தைய நான்காம் ஆண்டின் கடைசி இருப்பு, சென்ற ஆண்டின் கடைசி இருப்பு, இந்த இரண்டில் எது குறைவோ அதில் பாதி.

2020 ஏப்ரல் முதல் வாரத்தில் தொடங்கி, ஒவ்வொரு ஏப்ரல் 5-க்குள்ளும் 60,000 போட்டவரை எடுத்துக்கொள்வோம். வட்டி 7.1 சதவீதம். 2026 மார்ச் 31-இல் அவர் கணக்கில் சுமார் 4,60,800 இருக்கும். 2026-27-இல் எடுக்கப் போனால் பார்க்கப்படுவது 2023 மார்ச் 31 இருப்பு, சுமார் 2,06,800. அதில் பாதி 1,03,400. அவர் மனக்கணக்கில் 2.3 லட்சம் இருந்திருக்கும்! ஒரு வருஷம் பொறுத்தால் சுமார் 1,42,900 எடுக்கலாம். பெரிய செலவு ஏதாவது மனதில் இருந்தால், நான்கு வருஷம் முன்னால் போட்ட பணம்தான் கைகொடுக்கும். கடைசி வருஷத்தில் அள்ளிப் போட்டுப் பயனில்லை.

அதற்கு முந்தைய ஆண்டுகளில், மூன்றாவதிலிருந்து ஆறாவது வரை, கடன் மட்டும் உண்டு. இரண்டு ஆண்டுக்கு முந்தைய கடைசி இருப்பில் கால் பங்கு. மேலே சொன்னவருக்கு மூன்றாம் ஆண்டில் 16,065 ரூபாய்தான் தேறும். அசலை 36 மாதத்துக்குள் அடைத்தால் வட்டி 1 சதவீதம், தவறினால் 6. ஒரு சதவீதம் மலிவாகத் தெரியும். ஆனால் எடுத்த பணத்துக்குக் கணக்கில் வட்டி ஏறாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு நிதியாண்டில் 500கூடப் போடாமல் விட்டால் கணக்கு முடங்கும். முடங்கிய கணக்கில் கடனும் இல்லை, நடுவில் எடுக்கவும் முடியாது. விட்ட ஒவ்வொரு ஆண்டுக்கும் 500-உடன் 50 அபராதம் கட்டினால் உயிர் வரும். தொகை சின்னதுதான், அவசரத்துக்குப் போய் நிற்கும்போதுதான் இது தெரியவருகிறது என்பதுதான் தொல்லை.

மாதாமாதம் போடுகிறவர்கள் 5ஆம் தேதியை மறக்கக் கூடாது. 5ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருந்த குறைந்தபட்ச இருப்புக்கே வட்டி. செக் கொடுத்தால் அது பாஸாகும் நாளையும் யோசித்துக் கொடுங்கள்.

முதிர்ந்த பிறகுதான் இந்தக் கணக்கு உண்மையில் வசதியாகிறது. 25 வயதில் தொடங்கியவருக்கு அப்போது நாற்பதோ நாற்பத்தொன்றோ இருக்கும். முழுப் பணத்தையும் எடுத்துவிடலாம். அல்லது புதிதாகப் போடாமல் அப்படியே விட்டு, வட்டி வாங்கிக்கொண்டே ஆண்டுக்கு ஒருமுறை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். அல்லது ஐந்தைந்து ஆண்டாக நீட்டித்து, பணமும் போடலாம். மூன்றாவதில் அந்த ஐந்தாண்டின் தொடக்க இருப்பில் 60 சதவீதம் வரை, ஆண்டுக்கு ஒருமுறையாகப் பிரித்து எடுக்கலாம். மீதி 40 ஓய்வுக்கு நிற்கும். செலவாளி என்று உங்களுக்கே தெரிந்தால் இதுதான் பொருத்தம்.

இதற்கு முதிர்ந்த ஒரு வருஷத்துக்குள் படிவம் 4 கொடுத்தாக வேண்டும். வங்கி தானாக நீட்டித்துவிடும் என்று எண்ணி, படிவம் தராமல் பணம் போட்டுக்கொண்டே இருந்தால், அப்படிப் போட்டதற்கு வட்டி வராது. கெடு தாண்டிவிட்டால் பணம் போடும் வகைக்குத் திரும்பவும் முடியாது.