பாரத்தை உணரும் மோட்டார்

பல்நோக்கு மரவேலை எந்திரம் என்றால் ஒரு மோட்டார், ஒரு ஷாஃப்ட், அதன் முனையில் மாற்றி மாற்றி மாட்டும் கருவிகள். ரம்பத்தட்டை மாட்டினால் அறுக்கும். அதைக் கழற்றி டிரில் பிட்டை மாட்டினால் துளைக்கும். மரக்கட்டையையே பொருத்திச் சுழலவிட்டு உளியைக் காட்டினால் கடைசல். உப்புத்தாள் ஒட்டிய தட்டும், மரத்தில் பள்ளமும் விளிம்பு வடிவமும் சீவும் ரூட்டர் பிட்டும் அதே ஷாஃப்ட்டில்தான். அமெரிக்காவில் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1940-களில் வடிவமைத்த ஷாப்ஸ்மித் இந்த வகையில் பெயர் பெற்றது. இட நெருக்கடியில் வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் இத்தனை வேலைக்கும் ஒரே ஷாஃப்ட் என்றால், அது எந்த வேகத்தில் சுற்ற வேண்டும்?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 அங்குல ரம்பத்தட்டு நிமிடத்துக்கு 3,500 சுற்று சுற்றினால், அதன் பல் நுனி விநாடிக்கு ஏறத்தாழ 46 மீட்டர் வேகத்தில் போகும். மரம் அறுக்க இது நல்ல வேகம். இப்போது அதே ஷாஃப்ட்டில், அதே 3,500 சுற்றில், 12 மி.மீ. விட்டமுள்ள ரூட்டர் பிட்டை மாட்டுங்கள். அதன் விளிம்பு விநாடிக்கு 2 மீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். அந்த வேகத்தில் பிட் மரத்தைச் சீவாது, பிய்க்கும். அப்புறம், கிண்ணம் கடைய 10 அங்குல அகலமுள்ள, இன்னும் உருண்டையாகாத ஒரு கட்டையை அதே 3,500 சுற்றில் சுழலவிட்டால் என்ன ஆகும்? கட்டை பிடியை விட்டுப் பறந்துவிடும். சமநிலை இல்லாத பொருள் சுழலும்போது அது வெளியே இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 500 சுற்றில் லேசாக ஆடும் கட்டை, 3,500 சுற்றில் 49 மடங்கு விசையோடு எந்திரத்தை உலுக்கும்.

ஆகவே இந்த எந்திரத்துக்கு வேகத்தை மாற்றும் வசதி உயிர்நாடி. பழைய வடிவங்களில் இதைச் செய்வது கூம்புப் புல்லிகள். ஒவ்வொரு புல்லியும் நடுவில் பிளந்த இரண்டு பாதிகளாக இருக்கும். பாதிகள் நெருங்கினால் நடுவிலுள்ள பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும், விலகினால் அச்சை நோக்கி இறங்கும். மோட்டார் பக்கத்தில் பெல்ட் ஏறும்போது ஷாஃப்ட் பக்கத்தில் இறங்கும். அவ்வளவுதான், வேக விகிதம் மாறிவிடும். ஷாப்ஸ்மித் மார்க் 5 இப்படித்தான் 700 முதல் 5,200 சுற்று வரை போகிறது. எந்திரம் ஓடும்போது மட்டுமே வேகத்தை மாற்ற வேண்டும் என்பது இதில் கட்டாயம். பெல்ட் ஓடாமல் நின்றிருக்கும்போது அது கூம்பின்மீது ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. வலுக்கட்டாயமாகத் திருகினால் உள்ளே ஏதாவது உடையும்.

என் எந்திரம் இன்னும் இந்தப் புல்லியோடுதான் ஓடுகிறது. எலக்ட்ரானிக் மோட்டாருக்கு மாற்றப் போகிறேன் என்று முடிவெடுத்த பிறகு, அது உண்மையில் என்ன செய்கிறது என்று தேடிப் படித்தேன். வேகம் மாற்ற ஒரு குமிழ் கிடைக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். விஷயம் அதைவிடப் பெரியது.

பட்டறைகளில் சாதாரணமாக ஓடும் தூண்டல் மோட்டாரின் வேகத்தை நிர்ணயிப்பது மின்சாரத்தின் அலைவெண். 50 ஹெர்ட்ஸில் நான்கு துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றும். உள்ளே சுழலும் பகுதியான ரோட்டார் சற்றுப் பின்தங்கி 1,440 அளவில் சுற்றும். அந்த அலைவெண் மின்நிலையத்தில் முடிவானது, நம் கையில் இல்லை. அதனால்தான் புல்லிகள் தேவைப்பட்டன. மூன்று பேஸ் மோட்டார் என்றால் இன்வெர்ட்டர் வைத்து அலைவெண்ணையே மாற்றலாம். வரும் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, டிரான்சிஸ்டர்களால் வெட்டி, வேண்டிய அலைவெண்ணில் திரும்ப உருவாக்குவது அது. நல்ல வழிதான். கெபாசிட்டரை நம்பி ஓடும் ஒற்றைப் பேஸ் மோட்டாருக்கு மட்டும் அது ஒத்துவராது.

என் ஆர்வம் முழுக்க இன்னொரு வகையின்மீது. ஆங்கிலத்தில் ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ் மோட்டார் என்பார்கள். காந்தத்துக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு ஆணியைத் தொங்கவிட்டால், அது திரும்பிக் காந்தத்துக்கு நேராக வந்து நிற்கும். காந்தப் பாய்வுக்குத் தடை எங்கே குறைவோ அங்கே இரும்பு போய் நிற்கப் பார்க்கும். இந்த மோட்டாரின் அடிப்படை அந்த ஒரே விஷயம். ரோட்டாரில் காந்தம் கிடையாது, காயில் கிடையாது, கார்பன் பிரஷ் கிடையாது. பல் வைத்த எஃகுத் தகடுகளின் அடுக்கு மட்டும். அதைச் சுற்றியுள்ள அசையாத பகுதியான ஸ்டேட்டாரில் காயில்கள் இருக்கும். ஒரு ஜோடி காயிலுக்கு மின்சாரம் கொடுத்தால் பக்கத்திலுள்ள ரோட்டார் பல் அதை நோக்கி இழுபடும். பல் நேராக வந்து சேரும் சமயத்தில் அதை அணைத்து அடுத்த ஜோடியை இயக்க வேண்டும். பல் மறுபடி நகரும்.

அந்தச் சமயத்தைத் தவறவிட்டால் பழைய காயில் பல்லைப் பின்னோக்கி இழுக்கும், மோட்டார் திணறும். 6 ஸ்டேட்டார் துருவமும் 4 ரோட்டார் பல்லும் உள்ள மோட்டாரில் ஒரு சுற்றுக்கு 12 முறை இப்படி மாற்ற வேண்டும். 3,000 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 600 முறை. 1842-இல் ஸ்காட்லாந்தில் ராபர்ட் டேவிட்சன் ஓட்டிக் காட்டிய கால்வானி என்ற மின்ரயில் இதே தத்துவத்தில் நகர்ந்தது. வேகம் மணிக்கு 4 மைல்தான். அன்று சுழலும் தொடுமுனைகளால் மின்சாரத்தை மாற்றினார்கள். நல்ல டிரான்சிஸ்டரும் நுண்செயலியும் வரும் வரை இந்த யோசனை நூறு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. நியூசிலாந்தின் டெக்னாடூல் நிறுவனம் டிவிஆர் என்ற பெயரில் இதைக் கடைசல் எந்திரங்களுக்குக் கொண்டுவந்தது. பிறகு ஷாப்ஸ்மித்தின் பவர்ப்ரோ என்ற, மோட்டாரும் ஷாஃப்ட்டும் அடங்கிய தலைப்பகுதியிலும் அது இடம்பிடித்தது. அதன் வேகம் 250 முதல் 10,000 சுற்று வரை.

எந்தப் பல் இந்தக் கணம் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் இந்த மோட்டார் ஓடவே முடியும். அதனால் அதற்குள் ரோட்டாரின் இடத்தைக் கவனிக்கும் ஏற்பாடு எப்போதும் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். உளி மரத்தில் ஆழமாக இறங்கும்போது அடுத்த பல் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். நுண்செயலி அந்தத் தாமதத்தைப் பார்த்துக் காயிலுக்கு மின்னோட்டத்தைக் கூட்டும். 3,000 சுற்றில் ஒரு சுற்று முடிய 20 மில்லி விநாடி ஆகும். அதற்குள்ளேயே திருத்தத்தைத் தொடங்கிவிடலாம். ரம்பத்தட்டு மரத்தில் சிக்கிச் சட்டென்று நின்றால் அதையும் இதே வழியில் கண்டுபிடித்து மின்சாரத்தை நிறுத்தலாம். பழைய தூண்டல் மோட்டாருக்கு இந்த அறிவு கிடையாது. அது பாரத்தில் வேகம் குறைந்து, மின்சாரத்தை அதிகமாக இழுத்து, கடைசியில் உறுமிக்கொண்டு நின்றுவிடும்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பழைய எந்திரத்தில் பாரம் கூடினால் ஒலி இறங்கும். அதைக் கேட்டே கை தானாகத் தளர்ந்துவிடும். வேகம் குறையாத மோட்டாரில் அந்த ஒலி மாற்றம் அவ்வளவாகக் கேட்காது. உள்ளே காயில் சூடாகிக்கொண்டிருக்கும், வெளியே எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். பாரத்தைத் திரையில் காட்டும் வசதி இருந்தால் அதைப் பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது.

புல்லியை மட்டமாக நினைக்கவும் கூடாது. திறன் என்பது, ஷாஃப்ட்டைத் திருப்பும் பலமான முறுக்குவிசையையும் சுழல்வேகத்தையும் பெருக்கி வருவது. ஒரு குதிரைத் திறன், அதாவது 746 வாட், 3,500 சுற்றில் கிடைத்தால் முறுக்குவிசை ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர். புல்லி அதை 700 சுற்றாகக் குறைக்கும்போது, இழப்புகளை விட்டுவிட்டால், முறுக்குவிசை 10 நியூட்டன் மீட்டராகப் பெருகும். இதுவே புல்லி இல்லாமல், மோட்டாரையே 700 சுற்றுக்கு இறக்கினால்? அதன் உச்ச முறுக்குவிசை அந்த 2 தான் என்றால், கிடைப்பது 150 வாட். பெரிய விட்டமுள்ள பிட்டால் கடினமான மரத்தைத் துளைக்க அது போதவே போதாது. நல்ல எலக்ட்ரானிக் மோட்டாரைக் குறைந்த வேகத்திலேயே அதிக முறுக்குவிசை தரும்படி பெரிதாகக் கட்டுவார்கள். ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ் வகைக்கு இது இயல்பாகவே கைவரும். ஆகவே எந்த மோட்டாரை வாங்கினாலும், உச்சக் குதிரைத் திறனைப் பார்த்து மயங்காமல், குறைந்த வேகத்தில் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று கேட்க வேண்டும். இன்வெர்ட்டர் வைத்த தூண்டல் மோட்டார் என்றால் இன்னொன்றையும் கேட்க வேண்டும். அதன் விசிறி அதே ஷாஃப்ட்டில் இருக்கிறதா? இருந்தால், மெதுவாக ஓடும்போது குளிர்ச்சியும் குறையும்.

மரத்தூளும் எலக்ட்ரானிக்ஸும் ஒத்துப்போகாது. வெப்பம் வெளியேற்றும் தகடுகளின் இடுக்கில் தூள் படிந்தால் டிரான்சிஸ்டர்கள் வேகும், அதனால் அந்தப் பெட்டியை அடிக்கடி ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் மின்னழுத்தம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். மூடியைத் திறக்க அவசரப்படக் கூடாது.

10,000 சுற்று என்ற எண்ணும் எனக்குக் கொஞ்சம் பயம் தருகிறது. ரூட்டர் பிட்டுக்கு அது தேவை. ஆனால் ரூட்டர் வேலை முடிந்து, வேகத்தைக் குறைக்க மறந்து, அதே ஷாஃப்ட்டில் 10 அங்குல ரம்பத்தட்டை மாட்டிப் பட்டனை அழுத்தினால், பல் நுனி விநாடிக்கு 130 மீட்டரைத் தாண்டும். தட்டைப் பிய்க்கப் பார்க்கும் விசை 3,500 சுற்றில் இருப்பதைப்போல் எட்டு மடங்கு. ஒவ்வொரு தட்டிலும் அதன் உச்ச வேகம் அச்சிட்டிருக்கும். பழைய புல்லி எந்திரத்தை அணைக்கும் முன் வேகத்தைக் குறைத்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. புதிய மோட்டார் வந்த பிறகும் அதை விடப் போவதில்லை. அது வந்ததும் முதலில் மாட்டப் போவது, உருண்டையாகாமல் மூலையில் கிடக்கும் ஒரு கனத்த கட்டை. 700 சுற்றில் அதைத் தொட எனக்குத் துணிவு வந்ததில்லை. 250-இல் தொடங்கலாம்.