எம்பிஓ கேபிள் ஆர்டர் போடும் முன் பின்னைப் பாருங்கள்

டேட்டா சென்டருக்குக் கேபிள் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எம்பிஓ நல்லதா, எம்டிபி நல்லதா?" என்றுதான். எம்பிஓ என்பது பல ஃபைபர்களை (ஒளி செல்லும் கண்ணாடி இழைகளை) ஒரே முனையில் சேர்க்கும் கனெக்டர் வகையின் பெயர். அதே வகையில் யூஎஸ் கோனெக் நிறுவனம் செய்வதன் வணிகப் பெயர் எம்டிபி. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். எம்டிபியில் உறையைக் கழற்றலாம், பின்னைப் (இரு கனெக்டர்களையும் நேராக நிறுத்தும் மெல்லிய ஊசியை) பிடிக்கும் கிளாம்ப் உலோகம், பின் முனை நீள்வட்டமாக வழவழப்பாக இருக்கும். அடிக்கடி கழற்றி மாட்டுகிற ரேக்கில் இதன் அருமை தெரியும்.

பெயரைவிட டேட்டாஷீட்டில் உள்ள இழப்பு, அதாவது இணைப்பில் எவ்வளவு ஒளி குறைகிறது என்பது, முக்கியம். குறுந்தூரத்துக்கான மல்டிமோடு ஃபைபரில் சாதாரண ரகத்துக்கு உச்சம் 0.6 டெசிபல், குறைந்த இழப்பு ரகத்துக்கு 0.35. ஓஎம்4 என்ற மல்டிமோடு கேபிளில் 40ஜி எஸ்ஆர்4 (நொடிக்கு 40 கிகாபிட், குறுந்தூர வகை) லிங்க் 150 மீட்டர் ஓட, கனெக்டர்களுக்கு மொத்தமே 1 டெசிபல்தான் உண்டு. நடுவில் இரண்டு சாதாரண இணைப்பு வந்தால் 1.2 வரை போய்விடலாம். குறைந்த இழப்பு ரகம் என்றால் 0.7க்குள் அடங்கும்.

அதிகம் தவறு நடப்பது பின்னில். ஃபைபர் முனைகளைப் பிடித்திருக்கும் ஃபெரூலின் முகம் 6.4 மி.மீ.க்கு 2.5 மி.மீ.தான். அதில் 12 ஃபைபர்கள் 0.25 மி.மீ. இடைவெளியில் வரிசையாக நிற்கும். அவற்றை நேருக்கு நேர் நிறுத்துவது இரு ஓரத்திலும் உள்ள 0.7 மி.மீ. பின்கள். ஒரு பக்கம் பின் உள்ள ஆண், எதிர்ப்பக்கம் துளை மட்டும் உள்ள பெண். ஒளியை அனுப்பி வாங்கும் டிரான்ஸீவருக்குள் பின் ஏற்கெனவே இருக்கிறது. அதில் செருகும் கேபிள் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். ஆணை அழுத்தினால் பின் வளையும், ஃபெரூல் உடையும், டிரான்ஸீவரே வீணாகும். இரு கேபிள்களை இணைக்கும் அடாப்டரில் இரண்டு பெண் மாட்டினால் 'கிளிக்' சத்தம் சரியாகவே கேட்கும். ஆனால் ஃபைபர்களை நேர்ப்படுத்த எதுவும் இல்லாததால், கொஞ்சம் வெளிச்சம் கடந்து லிங்க் விட்டுவிட்டு வரும். கண்டுபிடிக்க அரைநாள் போய்விடும்.

அடுத்தது போலாரிட்டி, அதாவது எந்த ஃபைபர் மறுமுனையில் எந்த இடத்துக்குப் போகிறது என்பது. எஸ்ஆர்4இல் 1 முதல் 4 வரை அனுப்பும், 9 முதல் 12 வரை வாங்கும், நடுவிலுள்ள நான்கும் சும்மா. இரண்டு டிரான்ஸீவர்களை நேரடியாக இணைக்க 1ஆம் ஃபைபர் மறுமுனையில் 12ஆக வரும் டைப் பி கேபிள் வேண்டும். 1ஆம் ஃபைபர் 1ஆகவே வரும் டைப் ஏ போட்டால் அனுப்பும் ஃபைபர் எதிர்முனையில் அனுப்பும் பக்கத்திலேயே போய் முட்டும். கனெக்டர் பக்கவாட்டில் உள்ள வெள்ளைப் புள்ளிதான் 1ஆம் ஃபைபர் இருக்கும் பக்கம்.

நெடுந்தூரத்துக்கான சிங்கிள்மோடு எம்பிஓ பெரும்பாலும் 8 டிகிரி சரிவான முகத்தோடு, பச்சை உறையில் வரும். தட்டை முகத்தோடு அதை இணைக்கவே கூடாது. 400ஜி எஸ்ஆர்8க்கான 16 ஃபைபர் வகையில் கீ (தலைகீழாகச் செருகாமல் தடுக்கும் மேடு) ஓரமாகத் தள்ளியிருக்கும், பின்னும் சிறியது; 12 ஃபைபர் போர்ட்டில் நுழையாது. நெருக்கமான ரேக்குகளுக்கு இப்போது எம்எம்சி, எஸ்என்-எம்டி என்ற மிகச் சிறிய வகைகளும் வந்துவிட்டன.

எதை வாங்கினாலும் புதுக் கேபிள் சுத்தமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். தூசி மூடியிலிருந்தே தூசி உதிரும். ஒரே ஒரு துகள் இரு ஃபெரூல்களுக்கும் நடுவே நின்றால் பக்கத்து ஃபைபர்களும் விலகும். ஃபைபர் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பில் பாருங்கள், அழுத்தித் துடைக்கும் கிளிக் கிளீனரால் துடையுங்கள், மறுபடி பாருங்கள். எதிரே உள்ள போர்ட்டையும் துடையுங்கள், அங்குள்ள பின்களின் அடிப்பகுதியில்தான் அழுக்கு சேரும்.