மாத்திரைக்கு மசியாத ரத்தசோகை: சீலியாக் நோய் சோர்வாக மட்டும் வரும்போது

ஹீமோகுளோபின் 9. இரும்புச் சத்து மாத்திரை எழுதித் தருகிறார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டால் மூன்று நான்கு வாரத்தில் அது ஏறக்குறைய 2 கிராம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. வேறு கம்பெனி மாத்திரை, பிறகு டானிக், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்டதுபோல் அசதி. சிலருக்கு இப்படியே வருடக்கணக்கில் ஓடிவிடுகிறது. மாத்திரையை ஒழுங்காக விழுங்குவதில்லை என்ற பழியும் நோயாளி தலையில்தான் விழும்.

சில நேரம் அந்தப் பழியில் நியாயமும் உண்டு. மாத்திரை போட்ட கையோடு டீயோ காபியோ குடித்தால் இரும்பு குடலில் சரியாக ஏறாது. அதிக மாதவிடாய்ப் போக்கு, கொக்கிப்புழு, மூலத்தில் கசியும் ரத்தம், இரைப்பையில் குடியிருக்கும் எச். பைலோரி கிருமி எல்லாம் முதலில் பார்க்க வேண்டியவை. இவற்றை விலக்கிய பிறகும் உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் பெரிட்டின் அளவு 15க்குக் கீழேயே கிடந்தால், வாய்வழி கொடுக்கும் இரும்பு எந்த இடத்தில் உடம்புக்குள் போக வேண்டுமோ அந்த இடத்தைச் சந்தேகிக்க வேண்டும். அந்த இடம் இரைப்பையை அடுத்து வரும் டியோடினம், சிறுகுடலின் முதல் 25 சென்டிமீட்டர்.

அதன் உட்சுவர் முழுக்கக் குடலுறிஞ்சிகள், அதாவது சத்தை உறிஞ்சும் விரல்போன்ற நீட்சிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரம். இரும்பு பெரும்பாலும் இங்கேதான் உறிஞ்சப்படுகிறது. போலிக் அமிலமும் கால்சியமும் சிறுகுடலின் மேற்பகுதியை நம்பியிருப்பவை. கோதுமைப் புரதத்துக்கு எதிராகக் கிளம்பும் நோயெதிர்ப்பு தன் குடலையே கெடுப்பதுதான் சீலியாக் நோய். அது தாக்கத் தொடங்குவதும் இதே மேற்பகுதியைத்தான். கீழே இன்னும் ஐந்தாறு மீட்டர் நல்ல குடல் இருப்பதால் மாவும் கொழுப்பும் எப்படியோ செரித்துவிடும். வயிற்றுப்போக்கு இருக்காது, எடையும் குறையாது, சிலர் பருமனாகவே இருப்பார்கள். 'வயிற்றில் ஒன்றும் தொந்தரவு இல்லையே' என்று நோயாளியும் சொல்வார், மருத்துவரும் வயிற்றை மறந்துவிடுவார். நோய் ஒளிந்துகொள்ள இதைவிட வசதி வேண்டாம்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டிலும் ஒரு கண்ணாமூச்சி உண்டு. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுக்கும், போலிக் அமிலம் குறைந்தால் பெருக்கும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் எம்சிவி என்ற சராசரி அளவு சரியாக இருப்பதுபோல் காட்டும். அப்போது பக்கத்தில் ஆர்டிடபிள்யூ என்ற வரியைப் பார்க்க வேண்டும். சிறிதும் பெரிதுமாக அணுக்கள் கலந்திருப்பதால் அந்த எண் எகிறியிருக்கும்.

இனி, கோதுமைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களின் புரதத்தைப் பொதுவாகக் குளூட்டன் என்கிறோம். சப்பாத்தி மாவுக்கு இழுவை கொடுப்பதும் பரோட்டாவை வீசும்போது கிழியாமல் காப்பதும் அதுதான். அதில் ஒரு பகுதியான கிளையடினில் புரோலின், குளூட்டமின் என்ற அமினோ அமிலங்கள் மிக அதிகம். நம் செரிமான நொதிகளுக்குப் புரோலின் அருகே வெட்டுவது கைவராத வேலை. அதனால் 33 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டு உடையாமல் அப்படியே தப்பிவிடுகிறது என்று 2002இல் கண்டறிந்தார்கள். எல்லார் வயிற்றிலும் இது நடக்கிறது. பெரும்பாலோருக்கு அதனால் எந்தக் கேடும் இல்லை.

கேடு அடுத்த படியில் வருகிறது. குடல் சுவருக்குள் நுழைந்த துண்டின் மீது டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி வேலை செய்து, சில குளூட்டமின்களைக் குளூட்டமிக் அமிலமாக மாற்றுகிறது. துண்டுக்கு இப்போது எதிர்மின்னூட்டம் வந்துவிடுகிறது. டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற எச்எல்ஏ மரபணு வகை உள்ளவர்களின் நோயெதிர்ப்பு செல்களில் இந்தத் துண்டு பூட்டில் சாவிபோல் உட்காரும். அதைப் பார்த்த டி செல்கள் அந்நியன் புகுந்துவிட்டான் என்று கிளம்புகின்றன. அழற்சியில் குடலுறிஞ்சிகள் மழுங்கிக் கடைசியில் தட்டையாகின்றன. கூடவே உடம்பு அந்த நொதிக்கு எதிராகவும் எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. இது 1997இல் தெரியவந்தது. இன்றைய ரத்தப் பரிசோதனை அந்த எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது.

கோதுமைதான் குற்றவாளி என்று அதற்கு வெகு முன்பே கண்டுகொண்டவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1930களிலேயே சில குழந்தைகளுக்குக் கோதுமையை நிறுத்திப் பார்த்தவர் அவர். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்தார்கள். 1950இல் தன் ஆய்வேட்டில் இதை முறையாக எழுதினார்.

'அது வடக்கத்தியார் நோய்' என்று நம்மூரில் ஒதுக்கிவிடுகிறார்கள். எண்ணிக்கையில் அது உண்மைதான். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்தார்கள். வட இந்தியாவில் ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் நோய். தெற்கில் பத்தாயிரத்துக்கு ஒருவர். ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் எச்எல்ஏ வகை வடக்கில் 38 விழுக்காடு, தெற்கில் 36. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். தட்டில்தான் வித்தியாசம்: வடக்கில் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம். சர்க்கரை வந்தவுடன் இரவுச் சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்திக்கு மாறுகிற ஊரில் இந்த வித்தியாசம் எத்தனை நாள் தாங்கும் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். முதல் வகைச் சர்க்கரை நோய், தைராய்டு தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களும், சீலியாக் நோயாளியின் பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோரும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவர்கள்.

பரிசோதனைக்கு வருவோம். முதலில் டிடிஜி ஐஜிஏ, அதாவது மேலே சொன்ன நொதிக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை. அதோடு மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சீலியாக் நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகையே உடம்பில் சுரப்பதில்லை. அவர்களுக்கு டிடிஜி ஐஜிஏ எப்போதும் 'இல்லை' என்றே வரும். அப்படியானால் ஐஜிஜி வகைப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

இந்தப் பரிசோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்தக் கூடாது. நடைமுறையில் அதிகம் நடக்கிற தவறு இதுதான். யாரோ சொல்லிச் சப்பாத்தியை விட்டு, கொஞ்சம் தெம்பு வந்து, ஆறு மாதம் கழித்து ஆய்வகத்துக்குப் போனால் எதிர்ப்பொருள் வடிந்திருக்கும், குடலும் பாதி தேறியிருக்கும். நோய் இருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு பரிசோதனைக்காகவே தினமும் இரண்டு வேளை கோதுமை, குறைந்தது ஆறு வாரம் சாப்பிட வேண்டியிருக்கும். 30 கிராம் மாவில் இட்ட ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய இரண்டரை கிராம் குளூட்டன் உண்டு. மறுபடி சாப்பிட உடம்பு ஒத்துழைக்காதவர்களுக்கு எச்எல்ஏ மரபணுச் சோதனை உதவும். டிக்யூ2, டிக்யூ8 இரண்டும் இல்லையென்றால் சீலியாக் இல்லை என்று அநேகமாக முடித்துவிடலாம். இருக்கிறது என்று வந்தால் ஒன்றும் நிரூபணமாகாது. மூன்றில் ஒருவரிடம் அது இருக்கிறது.

டிடிஜி உயர்ந்திருந்தால் பெரியவர்களுக்கு வழக்கமாக எண்டோஸ்கோப்பி. டியோடினத்தின் இரண்டாம் பகுதியில் குறைந்தது நான்கு திசுத் துணுக்கு (பயாப்ஸி), தொடக்கப் பகுதியில் ஒன்றிரண்டு துணுக்கு எடுக்க வேண்டும், ஏனென்றால் சேதம் திட்டுத் திட்டாக இருக்கும். 'கேஸ் டிரபிள்' என்று முன்பே எண்டோஸ்கோப்பி செய்து 'டியோடினம் நார்மல்' என்று எழுதியிருந்தால் அதைப் பெரிதாக நம்ப வேண்டாம். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற குடல் நுண்ணோக்கியில் மழுங்கியிருக்கும். நோயியல் அறிக்கையில் குடல் சேதத்தை மார்ஷ் என்ற அளவுகோலில் குறிப்பார்கள். மார்ஷ் 3 என்றால் குடலுறிஞ்சிகள் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். மார்ஷ் 1 என்றால் வெள்ளணுக்கள் மட்டும் கூடியிருக்கின்றன, அதற்கு வேறு காரணங்கள் ஏராளம்.

தேய்ந்த குடலெல்லாம் சீலியாக் அல்ல என்பதும் நம் பக்கத்தில் முக்கியம். வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற குடல் நோய் இதே படத்தைக் காட்டும். வேலூர் மருத்துவர்கள் 1960களில் தென்னிந்தியக் கிராமங்களில் அது கொள்ளைநோயாகப் பரவியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஜியார்டியா ஒட்டுண்ணியும் குடலைக் கெடுக்கும். ரத்த அழுத்தத்துக்கு எழுதப்படும் ஓல்மிசார்ட்டன் மாத்திரை சிலருக்கு அச்சு அசல் இதே சேதத்தை உண்டாக்கும், நிறுத்தினால் சரியாகிவிடும். டிடிஜி 'இல்லை', பயாப்ஸியில் தேய்வு என்றால் மாத்திரைப் பட்டியலை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உறுதியானால் குளூட்டன் இல்லாத உணவுதான் மருந்து, வாழ்நாள் முழுக்க. இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், கேழ்வரகு, கம்பு, சாமை, தினை எல்லாம் சாப்பிடலாம் என்பதில் நமக்கு ஓர் அனுகூலம். குடலின் மேல்தோல் செல்கள் சில நாளுக்கொரு முறை புதிதாகின்றன, ஆனால் பெரியவர்களுக்குக் குடலுறிஞ்சிகள் முழு உயரத்துக்கு வளர இரண்டு வருடம்கூட ஆகும். அதுவரை பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எலும்பு அடர்த்தியையும் வைட்டமின் டியையும் பார்த்துக்கொள்வது நல்லது.

டிடிஜியை ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் திரும்பப் பார்ப்பார்கள். அது இறங்காமல் நின்றால் எங்கோ கோதுமை நுழைகிறது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனே குடலைக் கெடுக்கப் போதும், அது ஒரு சப்பாத்தியில் ஐம்பதில் ஒரு பங்கு. ரவா தோசை, சேமியா பாயசம், கேசரி என்று வெளிப்படையானவற்றை எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். தப்பிவிடுபவை வேறு: மால்ட் கலந்த சத்துபானம், கோதுமை சேர்த்து அரைத்த சத்துமாவு, சோயா சாஸ், பரோட்டாக் கடை தோசைக்கல், மைதா பண்டம் பொரித்த எண்ணெய், கோவிலில் கிடைக்கும் ரவா லட்டு, தேவாலயத்தில் வாங்கும் நற்கருணை அப்பம். அரிசி மாவை மில்லில் அரைத்தால் முன்னால் ஓடிய கோதுமையின் மிச்சம் கலந்தே வரும். பாக்கெட்டில் குளூட்டன் இல்லை என்று போட்டிருந்தால் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. நம் அடுக்களையில் கடைசியாகத்தான் பெருங்காய டப்பாவின் மீது சந்தேகம் விழும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மைதாவோ அரிசி மாவோ கலந்து செய்வார்கள். எது கலந்தது என்று டப்பாவின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய், மோர் என்று தினமும் நான்கு இடத்தில் விழுகிற பொருள் அது.