எச்டி சேனலுக்கு எந்த டிவி? இன்ச் டேப்போடு கடைக்குப் போங்கள்

புது ஃபுல் எச்டி டிவியைச் சுவரில் மாட்டியாயிற்று. ஆனால் படம் பழைய டியூப் டிவியில் தெரிந்ததைவிட மோசமாகத் தெரிகிறது. டிவியை மாற்றிக் கேட்பதற்கு முன் உள்ளே என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும்.

நம் ஊரில் சாதாரண சேனலின் படம் அதிகபட்சம் 720 புள்ளி அகலம், 576 வரி உயரம். மொத்தம் சுமார் 4.1 லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டி திரையிலோ 1920 × 1080, அதாவது 20.7 லட்சம். வருவதைப்போல ஐந்து மடங்கு. மீதிப் புள்ளிகளை டிவிக்குள் இருக்கும் சிப், பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. 4கே திரையில் 3840 × 2160, அதாவது 83 லட்சம் புள்ளிகள். சாதாரண சேனல் ஓடும்போது இருபதில் பத்தொன்பது ஊகம்தான். டியூப் டிவி வரிகளை ஒன்றோடொன்று இழைத்துக் காட்டும் என்பதால், டேட்டாவைச் சுருக்கி அனுப்புவதால் படத்தில் விழும் கட்டங்கள் அதில் மறைந்துபோயின. தட்டைத் திரை எதையும் மறைக்காது.

எனவே முதல் கேள்வி: வீட்டில் ஓடப்போவது எச்டி சேனலா, சாதாரண சேனலா? எச்டி சேனல்களுக்குத் தனி எண், பெரும்பாலும் தனிக் கட்டணம். எச்டி செட்டாப் பாக்ஸ் இருந்தும், பேக்கில் எச்டி சேனலைச் சேர்க்காமல் சாதாரண சேனலையே பார்க்கும் வீடுகள் நிறைய.

அடுத்தது தூரம். நல்ல பார்வையுள்ள கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணத்துக்குக் குறைவான நுணுக்கத்தைப் பிரித்தறியாது. இதை வைத்துக் கணக்குப் போட்டால், 1080 வரிப் படத்தின் முழு நுணுக்கமும் தெரிய, திரையின் உயரத்தைப்போல ஏறக்குறைய 3.2 மடங்கு தூரத்துக்குள் உட்கார வேண்டும். 576 வரிப் படத்துக்கு இந்த எல்லை 6 மடங்கு. அதைவிடக் கிட்டப் போனால் படத்தின் குறைகளே கண்ணில் படும்.

32 இன்ச் திரையின் உயரம் 40 செ.மீ. அதில் சாதாரண சேனலை 8 அடியிலிருந்து பார்த்தால் உறுத்தாது. எச்டியின் முழு நுணுக்கமும் வேண்டுமென்றால் 4 அடிக்கு வர வேண்டும், அப்படி யாரும் உட்காருவதில்லை. 43 இன்ச்சில் அதே எண்கள் பத்தரை அடி, ஐந்தரை அடி. 55 இன்ச்சில் 13 அடி, 7 அடி. நம் ஹால்களில் சோபாவுக்கும் சுவருக்கும் இடையே 8 முதல் 10 அடிதான் இருக்கும். அந்தத் தூரத்தில் 55 இன்ச்சில் எச்டி நன்றாக இருக்கும், சாதாரண சேனல் பிசிறடிக்கும். கேபிளில் சாதாரண சேனல் மட்டுமே ஓடும் வீட்டுக்கு 32 போதும், மிஞ்சிப்போனால் 43. 65 வாங்கினால் திட்டு வாங்கப்போவது கேபிள்காரர்.

4கே தேவையா? 55 இன்ச்சில் 4கேயின் முழு நுணுக்கம் தெரிய மூன்றரை அடியில் உட்கார வேண்டும். ஆனாலும் பெரிய அளவுகளில் வெறும் ஃபுல் எச்டி டிவி இப்போது கடைகளில் அரிதாகிவிட்டதால் வாதிட்டுப் பயனில்லை. ஒரு நன்மையும் உண்டு: 1080-ஐ 2160 ஆக்குவது சரியாக இரண்டு மடங்கு, ஒரு புள்ளி நான்காகிறது, கணக்கு சுத்தமாக முடிகிறது. 576-ஐ 2160 ஆக்குவது 3.75 மடங்கு, பின்னம் வருகிற இடத்தில்தான் எழுத்தின் ஓரங்கள் மங்கும்.

'எச்டி ரெடி' என்ற ஸ்டிக்கர் குழப்பத்தின் ஊற்று. அது எச்டி படத்தை வாங்கிக்கொள்ளும், ஆனால் திரையில் இருப்பது வழக்கமாக 1366 × 768 புள்ளிகள்தான். 1080 வந்தால் சுருக்கும், 720 வந்தால் இழுக்கும். எதுவும் வந்தபடியே ஓடாது. ஆனால் 32 இன்ச்சில் 6 அடிக்கு அப்பால் இதற்கும் ஃபுல் எச்டிக்கும் கண் வித்தியாசம் காணாது. படுக்கையறை டிவிக்குக் கூடுதல் பணம் வீண்.

நுணுக்கத்தைவிட விளையாட்டு ரசிகர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்திய எச்டி சேனல்கள் '1080ஐ' (1080i) என்ற முறையில் வருகின்றன. நொடிக்கு 50 முறை, ஒருமுறை ஒற்றைப்படை வரிகள் 540, அடுத்தமுறை இரட்டைப்படை வரிகள் 540. டிவி இவ்விரண்டையும் சேர்த்து முழுப்படம் ஆக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே 1/50 நொடியில் பந்து நகர்ந்திருக்கும். மலிவான சிப் அப்படியே ஒட்டிவிட்டால், வேகமாக நகரும் பொருளின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரியும். இதைச் சோதிக்க கிரிக்கெட் மேட்ச் வரை காத்திருக்க வேண்டாம், செய்தி சேனலின் அடியில் ஓடும் எழுத்துகளைப் பாருங்கள். அவை நடுங்கினாலோ பல்விட்டாலோ அந்த மாடலை விட்டுவிடலாம். '200 மோஷன்' போன்ற விளம்பர எண்களைப் பொருட்படுத்தாதீர்கள். திரை உண்மையில் 60 ஹெர்ட்ஸா 120 ஹெர்ட்ஸா, அதாவது நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்று மட்டும் கேளுங்கள்.

எல்இடி டிவி என்று விற்பவை பெரும்பாலும் பின்னால் எல்இடி விளக்கு வைத்த எல்சிடி திரைகளே. அவற்றில் ஐபிஎஸ், விஏ என இரண்டு வகை. விஏ திரையில் கறுப்பு ஆழமாக இருக்கும். வெளிச்ச-இருள் விகிதம் 3000-க்கு 1 அல்லது அதற்கு மேல், ஐபிஎஸ்ஸில் சுமார் 1000-க்கு 1. ஆனால் விஏவைப் பக்கவாட்டிலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் வெளிறும். டிவியை உயரத்தில் மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்து பார்க்கும் குடும்பத்துக்கு ஐபிஎஸ் தோது. கடையில் கீழே குனிந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள், விற்பனையாளர் சிரித்தால் சிரிக்கட்டும். அங்கே ஓடும் டெமோ வீடியோ எந்தத் திரையையும் அழகாக்கும். 'விவிட்' மோடை 'ஸ்டாண்டர்ட்'டுக்கு மாற்றி, டிஷ் இணைப்பில் ஒரு சேனலைப் போடச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பாக்ஸையும் டிவியையும் எச்டிஎம்ஐ வயரால் இணையுங்கள். மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயரில் எச்டி ஏறவே ஏறாது, 576 வரியோடு சரி. பொருத்த வருபவர் பழைய பழக்கத்தில் அதையே செருகிவிட்டுப் போவதுண்டு. பிறகு பாக்ஸின் செட்டிங்கில் ரெசல்யூஷனை '1080i' ஆகவும் படவடிவத்தை 16:9 ஆகவும் வையுங்கள். முகங்கள் பக்கவாட்டில் உப்பினால் வடிவ செட்டிங்தான் தப்பு. படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் டிவியின் பிக்சர் சைஸில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்க்ரீன் ஃபிட்' என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். டிவி ரிமோட்டின் இன்ஃபோ பட்டனை அழுத்தினால், உள்ளே வரும் படத்தின் அளவைப் பல மாடல்கள் எண்ணாகவே காட்டும்.

தங்கமுலாம் பூசிய விலையுயர்ந்த எச்டிஎம்ஐ வயர் நிறத்தைக் கூட்டாது. டிஜிட்டல் சிக்னல் மங்காது, ஒன்று முழுதாக வரும், இல்லையேல் உடையும். வெள்ளைப் புள்ளிகள் மினுமினுத்தாலோ திரை விட்டுவிட்டுக் கறுத்தாலோ வயரை மாற்றிப் பாருங்கள். படம் கட்டம் கட்டமாக உடைந்து ஒலியும் வெட்டினால் கோளாறு பெரும்பாலும் டிஷ்ஷின் திசையிலோ, டிஷ்ஷின் முன் நின்று சிக்னலை வாங்கும் எல்என்பியிலோ, துருவேறிய கனெக்டரிலோ இருக்கும். போன் போக வேண்டியது டிவி சர்வீஸுக்கு அல்ல, டிஷ்காரருக்கு.