கோப்பு, கோப்புறை, அடைவு

“டி டிரைவ்ல ஒரு ஃபோல்டர்ல போட்டு வச்சிருக்கேன்” என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். விண்டோஸைத் தமிழில் வைத்தால் அதே மஞ்சள் படத்தின் பெயர் கோப்புறை. தலையணைக்கு உறை, கத்திக்கு உறை, அதேபோல் கோப்புக்கும் உறை.

சரி, கோப்பு? ஊசியில் நூலைக் கோக்கிறோம், மணியைக் கோக்கிறோம். அந்தக் ‘கோ’ என்ற வினையில் பிறந்ததுதான் கோப்பு. கோவையும் அதே குடும்பம். அரசு அலுவலகக் கோப்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். தாள்களின் மூலையில் துளை, அதில் நுழைத்துக் கட்டிய டேக் கயிறு. அதற்கும் முன்னால் ஓலைச்சுவடியைத் துளையிட்டுக் கயிற்றில்தானே கோத்தார்கள்? புத்தகத்துக்கே நூல் என்று பேர் வைத்தவர்கள் நாம். ஆங்கில ஃபைலின் வேரும் நூல்தான், லத்தீனில் ‘ஃபீலும்’. அங்கேயும் தாள்களை நூலிலோ கம்பியிலோ கோத்துத்தான் வைத்தார்கள். இந்தப் பொருத்தத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது.

ஃபோல்டர் என்றால் மடித்த அட்டை. 1981இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினியின் திரையிலேயே அந்த அட்டைப் படம் உண்டு. அதை மடிப்பு என்று பெயர்க்காமல், அது செய்யும் வேலையைப் பார்த்து உறை என்றது நல்ல முடிவு.

ஆனால் டாஸ், யூனிக்ஸ் ஆகிய இயங்குதளங்களில் பழகியவர்களுக்கு அது டைரக்டரி. அதற்கு லினக்ஸ் தமிழாக்கங்களில் அடைவு என்ற சொல் புழங்குகிறது. பழைய நூல்களின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் பட்டியல், அதே அடைவுதான். கணினிக்குள் நடப்பதற்கு இதுதான் நெருக்கமான சொல். 20 ஜிபி கல்யாண வீடியோ உள்ள கோப்புறையை டி டிரைவுக்குள்ளேயே வேறிடத்துக்கு நகர்த்திப் பாருங்கள், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். வீடியோ இருந்த இடத்திலேயே இருக்கிறது, பட்டியலில் ஒரு வரிதான் மாறுகிறது. அதையே பென் டிரைவுக்கு அனுப்பினால் ஒவ்வொரு பைட்டையும் எழுதியாக வேண்டும். காத்திருக்கத்தான் வேண்டும்.

அதனால் திரையில் தெரியும் படத்துக்குக் கோப்புறை, டிஸ்க்கில் இருக்கும் பட்டியலுக்கு அடைவு என்று இரண்டையும் நான் வைத்துக்கொள்கிறேன். கோப்புறைக்குள் கோப்புறை என்றால் உட்கோப்புறை, அதுவரை போகும் வழி பாதை. அப்புறம் மெனு. அதைப் பட்டி என்கிறார்கள். எனக்குப் பட்டியல் என்பதே தெளிவாகப் படுகிறது.